உப்பு பார்க்க ஒரு நாக்கு

அத்தியாயம் 11

அந்தப் பச்சை நாற்காலியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

போன வாரம் சாவேரியோ இடுப்பொடியப் பனியை வாரிக் கொட்டி, தன் வீட்டு வாசலில் காருக்கு இடம் பிடித்து, அங்கே அந்த நாற்காலியைப் போட்டு, இது என் இடம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுடைய வருங்கால மருமகன் ஆண்டர்ஸ் வந்தான். நாற்காலியை எடுத்தான். அழகாக மடித்தான். சுவரோரம் மரியாதையாகச் சாத்திவிட்டுத் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒருத்தன் வீட்டைக் கொளுத்தினால்கூட உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தெருவில் போட்ட நாற்காலியை நகர்த்தினால் பேச்சே கிடையாது.

பையன் மினசோட்டாக்காரன், பாவம். அவன் ஊரில் கார் நிறுத்த ஏக்கர் கணக்கில் இடம் கிடக்கிறது. யாரோ மறந்துவிட்டுப் போன நாற்காலி என்று நினைத்துவிட்டான்.

அன்றிலிருந்து சாவேரியோ அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் ரெனாட்டாவிடம் மட்டும் தீர்ப்பு சொல்லியிருந்தான்.

"சனிக்கிழமை அவன் அப்பா அம்மா வர்றாங்க இல்ல? சாப்பாட்டு மேசையில நான் எழுந்து கிளாஸைத் தூக்கினேன்னா சம்மதம். தூக்கலைன்னா, கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல நீ ஜீனோ மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு நட."

ஜீனோ மாமா நான்தான். ரெனாட்டாவின் ஞானத்தகப்பன், அடுத்த வீட்டுக்காரன், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். சாவேரியோ தும்மினால் என் வீட்டு அலமாரிக் கதவு திறந்துகொள்ளும்.

என் முழங்காலை நம்பி அவ்வளவு நீளக் கோயிலில் நடந்தால் கல்யாணம் முடிவதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடும் என்று ரெனாட்டாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா கை இல்லாம நான் நடக்க மாட்டேன் மாமா," என்றாள். கண் கலங்கியிருந்தது.

சாவேரியோவின் கோபம் வெறும் நாற்காலியோடு நின்றுவிடவில்லை. "நாற்காலியைக்கூட மன்னிச்சிடுவேன் ஜீனோ," என்று என்னிடம் புலம்பினான். "அந்தப் பையன் வாயிலேர்ந்து 'நல்லா இருக்கு'ங்கறதைத் தவிர வேற ஏதாவது வந்து கேட்டிருக்கியா? என் பொண்டாட்டி கருக்கின ரொட்டியைக் கொடுத்தா, நல்லா இருக்கு. நான் பாடினா, நல்லா இருக்கு. நான் பாடறது நல்லாவா இருக்கு?"

"சத்தியமா இல்லை."

"பார்த்தியா! நீ மனுஷன். அவன் மனசுல என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை விடிந்தது.

*

எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு சமையலறை. மேலே இருப்பது வந்தவர்கள் பார்ப்பதற்கு. பூமிக்கடியில் இருப்பது சமைப்பதற்கு. சாவேரியோவின் மனைவி அசுந்தா, மேல் அடுப்புக்குத் தினமும் முகம் துடைத்துவிடுவாளே தவிர, அதில் ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லை.

அன்று கீழ்ச் சமையலறை போர்க்களம். காலையில்தான் கறிக்கடையிலிருந்து பன்றியின் தோள்கறி வந்து இறங்கியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு படையே சரணடைந்த மாதிரி மேசை நிறையக் கறி. வருகிறவர்கள் இரண்டே பேர்தான். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் சாசேஜ் தீர்ந்துபோனால், அப்புறம் சாவேரியோ வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம் பொரிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே கறியை அரைத்து, மசாலா பிசைந்து, குடலில் அடைத்து, ராத்திரி முழுக்கக் குளிரில் கிடக்க விட வேண்டும். அப்போதுதான் பூண்டும் சோம்பும் கறிக்குள் குடியேறும்.

ரெனாட்டா ஒரு மூலையில் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பும் பச்சையுமாக அவள் முன்னால் ஒரு குன்று. பக்கத்தில் வெங்காயக் குன்று. இரண்டுக்கும் நடுவே அவள் மூக்கு மட்டும் தெரிந்தது.

சாவேரியோ என் வீட்டிலிருந்த பெரிய அண்டாவை எடுக்க வந்திருந்தான். நானும் கூடவே போனேன். நாங்கள் அண்டாவோடு படியிறங்கும்போது அசுந்தா முழங்கை வரை கறிக்குள் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ரெனாட்டா மிளகாய்க்கு உப்புப் போடலாமென்று டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"உப்பு எங்க போச்சு?"

"கறிக்குப் போட்டேன்," என்றான் சாவேரியோ.

"கறிக்கு நான்ல போட்டேன்," என்றாள் அசுந்தா.

அவள் கறிக்குள்ளிருந்து கையை உருவினாள்.

"நீ எதுக்குடி போட்டே?"

"நீ மறந்துடுவேன்னு போட்டேன். ரெனாட்டா கோயில்ல புதுநன்மை வாங்கின அன்னிக்கு விருந்துல மறக்கலை?"

"அதுக்கு இருபது வருஷம் ஆச்சு!"

"அதை வாய்ல வெச்சப்போ எங்கம்மா மூஞ்சி போன போக்கு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

"எவ்வளவு போட்டே?"

"ஒரு சிட்டிகை."

"உன் சிட்டிகையை எனக்குத் தெரியாதா? ஒரு குதிரையை உப்புக்கண்டம் போடலாம்!"

நான் குறுக்கே புகுந்தேன். "இதுக்கு எதுக்கு சண்டை? எப்பவும் போல ஒரு உருண்டையைத் தட்டிப் பொரிச்சு வாய்ல போடு. அதிகமா இல்லையான்னு தெரிஞ்சிடப் போகுது."

நியாயம்தான் என்று சாவேரியோ வாணலியைப் போட்டான். கறி உருண்டையை வடை மாதிரி தட்டி எண்ணெயில் விட்டான். அடடா, அந்த வாசனை! சோம்பும் பூண்டும் இடித்த வற்றல் மிளகாயும் சேர்ந்து எழும்பியதும், மூன்று தெரு தள்ளியிருக்கிற கல்லறையில் இரண்டு பேர் புரண்டு படுத்திருப்பார்கள்.

முள்கரண்டியில் குத்தி, ஊதி, வாயருகே கொண்டுபோனான்.

அசுந்தா அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். முள்கரண்டி பறந்துபோய் வெங்காயக் குன்றில் குத்திக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை! தவக்காலம்!"

எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று சுத்தபோசனம். கறியைத் தொடலாம், அரைக்கலாம், பொரிக்கலாம், மோந்துகூடப் பார்க்கலாம். வாயில் வைக்கக் கூடாது.

"மென்னுட்டுத் துப்பிடறேன்," என்றான் சாவேரியோ.

"நாளைக்கு அந்த வாயாலயா சம்பந்தியை வாங்கன்னு கூப்பிடப் போறே?"

நான் தொண்டையைச் செருமினேன். "எனக்கு வயசாயிடுச்சு தாயே. வயசானவங்களுக்கு விலக்கு உண்டுன்னு..."

"பட்டினி கிடக்கறதுக்குத்தான் விலக்கு. இறைச்சிக்கு இல்லை. உக்காரு."

உட்கார்ந்தேன்.

நான்கு வாய், நான்கு நாக்கு, ஒன்றுக்கும் வேலையில்லை. மேசை மேல் ஒரு படை அளவு கறி. அது சரியாக இருக்கிறதா, சாக்கடலாக இருக்கிறதா என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். பங்கு மண்டபத்தில் இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, ஆண்டர்ஸ் இறங்கி வந்தான். அவன் உயரத்துக்கு எங்கள் தெருவில் ஒரு வாசலும் கட்டவில்லை.

"இந்த வாட்டி சொந்தமா நாற்காலி கொண்டாந்துட்டானா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் சாவேரியோ.

யாரும் சிரிக்கவில்லை. அசுந்தா, ரெனாட்டா, நான், மூன்று பேரும் ஆண்டர்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல சாவேரியோவும் திரும்பினான்.

பையன் லுத்தரன், எங்களைப் போலக் கத்தோலிக்கன் இல்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான்.

"இங்க வா," என்றான் சாவேரியோ. ஒரு வாரத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

பையனுக்கு முகமெல்லாம் பல். நாற்காலிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். சாவேரியோ வெங்காயக் குன்றிலிருந்து முள்கரண்டியைப் பிடுங்கி நீட்டினான்.

"இதைத் தின்னு. உப்பு எப்படி இருக்குன்னு சொல்லு."

ஆண்டர்ஸ் வாயில் போட்டான். மென்றான். நான் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் காது சிவந்தது. அப்புறம் கழுத்து. இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு, ரெனாட்டாவின் மிளகாய்க் கிண்ணத்தைவிடப் பெரிய சொட்டு, உருண்டு வந்தது. விழுங்கினான்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"கேட்டியா!" என்று சாவேரியோ மனைவியைப் பார்த்துக் கூவினான். "அடைங்கடா குடலை!"

*

இதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சாவேரியோ இயந்திரக் கைப்பிடியைச் சுற்றுகிறான். அசுந்தா மேலிருந்து கறியைத் தள்ளுகிறாள். கழுவி ஊறவைத்து, இயந்திரத்தின் குழாய் முனையில் சுருங்கிக் கிடந்த குடல் மெல்ல வயிறு புடைத்து நெளிந்து நெளிந்து வெளியே வருகிறது. நான் அதை வாங்கி முறுக்கி முறுக்கிச் சுருளாகச் சுற்றுகிறேன். காற்று புகுந்த இடத்தில் ஊசியால் ஒரு குத்து. மேசையெல்லாம் சாசேஜ். தரையில் விட்டால் தெருமுனைக்கே போய் எட்டிப் பார்க்கும்.

மேலே யாருடைய போனோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்குக் கை இருக்கிறது?

ஆண்டர்ஸ் மட்டும் தண்ணீர்க் குழாயடியிலேயே நின்றான். ஒரு டம்ளர் குடித்தான். இன்னொன்று. அப்புறம் டம்ளர் எதற்கென்று வாயைக் குழாயிலேயே வைத்துவிட்டான்.

ரெனாட்டா கத்தியைக் கீழே வைத்தாள். அவன் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள். நான் பூண்டு எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். ஞானத்தகப்பனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

"உண்மையைச் சொல்லு. உப்பு எப்படி?"

"நல்லா இருந்தது."

"ஆண்டர்ஸ்."

அவன் படியில் உட்கார்ந்தான். "கடலை மென்ன மாதிரி இருந்தது."

"அடப்பாவி! ஏன் சொல்லலை?"

"ஒரு வாரமா பேசாத மனுஷன், கூப்பிட்டு வாய்ல ஊட்டாத குறையா கொடுக்கறார். நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்? எங்க ஊர்ல ஒருத்தர் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னா எங்கம்மா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

"எங்க வீட்ல சொல்லலைன்னாதான் முழிக்க மாட்டாங்க! நாளைக்கு உங்கம்மா இதைத்தான் தின்னப் போறாங்க."

"நீ போய்ச் சொல்லேன்."

"நான் சொன்னா அது என் வாய். அப்பாவுக்கு உன் வாய்தான் சந்தேகம். போ."

அவன் எழுந்தான். மறுபடி உத்தரத்தில் இடித்துக்கொண்டு, சாவேரியோ முன்னால் போய் நின்றான். நான் ஒரே ஒரு பூண்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

"சார்."

"சார்னு கூப்பிடாதே. நான் என்ன டிராஃபிக் போலீஸா?"

"உப்பு அதிகம். ரொம்ப அதிகம். சாப்பிட முடியாது."

கைப்பிடி நின்றது. குழாய் முனையில் ஒரு சாசேஜ் பாதி பிறந்த நிலையில் தொங்கியது.

"அப்ப ஏன் நல்லா இருக்குன்னே?"

"பயம்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லை. இப்பதான் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

அசுந்தா ஏப்ரனை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சாவேரியோ சாசேஜ் மலையைப் பார்த்தான். பையனைப் பார்த்தான். இதில் இருக்கிற சங்கடத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவன் போப்பாண்டவர் சொன்னாலும் தன் நாக்கில் வைத்துப் பார்க்காமல் உப்பை நம்பாதவன். இப்போது தன் நாக்குக்குப் பூட்டு. சரியாகவே இருந்து, இந்தப் பையன் பேச்சைக் கேட்டுப் பிரித்துக் கொட்டினால் அத்தனையும் பாழ். பையன் சொன்னது உண்மையாக இருந்து, நம்பாமல் விட்டால் நாளைக்குச் சம்பந்தி முன்னால் மானம் பாழ். சற்று முன்னால் பொய் சொன்ன அதே வாய்தான் இப்போது உண்மை என்கிறது.

ரெனாட்டா படியில் நின்றாள். கண் அப்பாவின் கையிலேயே இருந்தது.

சாவேரியோ கத்தியை எடுத்தான். முதல் சுருளை இழுத்தான். ஒரே கிழி. கறி அண்டாவில் சொத்தென்று விழுந்தது.

"பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே! கிழிங்க எல்லாத்தையும்! ஜீனோ, கறிக்கடைக்கு ஓடு, இதே அளவு இன்னொரு பங்கு வேணும்! உப்பில்லாத கறியைச் சேர்த்துப் பிசைஞ்சா சரியாயிடும்!"

முழங்காலாவது ஒன்றாவது, நான் ஓடினேன். ஆண்டர்ஸ் கூடவே வந்தான். திரும்பும்போது கறியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்த வேகத்துக்கு நான் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு காற்றாடி மாதிரி பறந்தேன்.

*

அரைத்தோம். பூண்டு, மிளகாய், ஒயின் எல்லாம் போட்டோம். காலி உப்பு டப்பாவைக்கூட அசுந்தா தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். பிசைந்தோம், அடைத்தோம். முதலில் இருந்தது மலை என்றால் இப்போது மலைத்தொடர்.

"இந்தத் தடவை உருண்டையெல்லாம் வேண்டாம்," என்றான் சாவேரியோ. "முழு சாண்ட்விச்."

அவனே செய்தான். சாசேஜை மெதுவான தீயில் உருட்டி உருட்டிச் சிவக்க விட்டான். அதன் கொழுப்பு இறங்கிய அதே வாணலியில் குடைமிளகாயும் வெங்காயமும் சோர்ந்து சரிந்தன. நீள ரொட்டியைக் கீறி, உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்தெடுத்து, மசாலா எண்ணெயில் ஒற்றி, சாசேஜை வைத்து, மிளகாயை அள்ளி அள்ளிக் குவித்தான். ரொட்டி வாயை மூட மறுத்தது. அதுதான் சரியான பதம்.

எங்கள் நான்கு பேருக்கும் அசுந்தா முட்டையும் குடைமிளகாயும் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். தவக்கால வெள்ளிக்கு அதுதான் விதி. கையில் அது இருந்தது. கண்ணெல்லாம் ஆண்டர்ஸ் தட்டில் இருந்தது.

அவன் கடித்தான். தாடையில் எண்ணெய் வழிந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்தே விழுங்கினோம்.

"உப்பு சரியா இருக்கு," என்றான்.

"அவ்வளவுதானா?"

"மீதியையும் சொல்லட்டுமா?"

"சொல்லுடா!"

"மிளகாய் இன்னும் கொஞ்சம் வதங்கணும்."

ரெனாட்டாவின் புருவம் ஏறியது. மிளகாய் அவள் இலாகா.

"அப்புறம், காலையில பொரிச்சதுல சோம்பு தூக்கலா இருந்தது. இதுல பாதிதான் தெரியுது."

சாவேரியோ வாயில் இருந்த முட்டையோடு நின்றான். மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தான். சோம்பு ஜாடி காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. உப்புப் பயத்தில் இரண்டாவது கறிக்குச் சோம்பு போடவே மறந்திருந்தோம்.

"அசுந்தா!" என்று அவன் போட்ட கூச்சலில் என் வீட்டில் அலமாரி திறந்தது எனக்கே கேட்டது. "சோம்பு போடலைடி நாம! உப்புக்கடலைத் தின்னுட்டு, அதுக்குள்ள சோம்பைக் கண்டுபிடிச்சிருக்கான்! இது நாக்கா, இல்லை பரிசோதனைச் சாலையா?"

அசுந்தா பையன் கழுத்தை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். அதற்கு அவன் பாதியாகக் குனிய வேண்டியிருந்தது.

"மிளகாய் வதங்கலையாமே?" என்றாள் ரெனாட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"நீதானே உண்மையைச் சொல்லச் சொன்னே?"

"ஒரே நாள்ல இவ்வளவு வேண்டாம்!"

மறுபடி கிழித்து, சோம்பைச் சேர்த்து, மறுபடி அடைத்து முடித்தோம். அப்புறம்தான் அசுந்தாவுக்கு ஞாபகம் வந்தது. "சாசேஜ் இரண்டு மடங்காச்சே. ரொட்டிக்கு எங்க போறது?"

"பேக்கரி மூட இன்னும் நேரம் இருக்கு." சாவேரியோ கோட்டை மாட்டினான். பையனைப் பார்த்தான். "வா. நீயும் வா."

நானும் ரெனாட்டாவும் மேலே போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டோம்.

சாவேரியோ காரைக் கிளப்பி வெளியே எடுத்தான். வாசலில் அந்த அருமையான காலி இடம், இரண்டு பக்கமும் அழுக்குப் பனி. இறங்கி வந்து சுவரோரம் இருந்த பச்சை நாற்காலியை எடுத்தான். ஆண்டர்ஸ் கையில் கொடுத்தான்.

"வை."

பையன் இரண்டு கையாலும் வாங்கினான். பலிபீடத்தில் வைக்கிற மாதிரி நடுவில் வைத்தான்.

"இன்னும் முன்னாடி. தெருவைப் பார்த்து. ஆங். இப்ப இது நம்ம இடம். எவனாவது தொட்டானா..."

"நல்லா இருக்காது," என்றான் ஆண்டர்ஸ்.

சாவேரியோ சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரெனாட்டா என் கையை நசுக்கினாள். "மாமா, 'நம்ம இடம்'னு சொன்னார். நாளைக்குக் கிளாஸைத் தூக்கிடுவார், பாரு!"

கார் முனை திரும்பி மறைந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும், நாங்கள் இன்னும் ஜன்னலில்தான் நின்றோம். ஆண்டர்ஸின் போன் மேல் சமையலறை மேசையில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. ரெனாட்டா அதை எடுக்கப் போனாள்.

அந்த நேரத்தில்தான் விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த கார் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. கதவு திறந்தது. ஓர் அம்மாள் இறங்கினாள், இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு உயரம். கையில் துணி போட்டு மூடிய ஒரு பாத்திரம். வீட்டு எண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். பாத்திரத்தைக் காரின் மேல் வைத்தாள்.

"மாமா," உள்ளேயிருந்து ரெனாட்டா கத்தினாள். "ஆண்டர்ஸோட அம்மா செய்தி விட்டிருக்காங்க. பனி வரப் போகுதுன்னு ஒரு நாள் முன்னாடியே விமானம் ஏறிட்டாங்களாம்."

நான் ஜன்னலைத் தூக்கப் பார்த்தேன். அது அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து அன்பாகக் கையசைத்தாள். பிறகு பச்சை நாற்காலியை எடுத்தாள். அழகாக மடித்தாள். சுவரோரம் மரியாதையாகச் சாத்தினாள். காரை ஓட்டி வந்த கணவரைப் பார்த்து, உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

தெருமுனையில், ரொட்டி வாசனையோடு, சாவேரியோவின் கார் திரும்பியது.